உங்களுக்குத் தெரியுமா? சென்னையின் பூட்டிக் கிடக்கும் மாளிகைகள்

★ மவுண்ட் ரோடு எல்.ஐ.சி. கட்டடத்தைத் தெரியாதவர் இல்லை. அதே சாலையில் அதே எல்.ஐ.சி.க்குச் சொந்தமான இன்னொரு கட்டடம், செங்கல் கோபுரங்களோடு பாழடைந்து நிற்பதைக் கவனித்திருக்கிறீர்களா? டபிள்யூ.இ. ஸ்மித் என்ற மருந்துக் கம்பெனிக்காக 1897-ல் எழும்பியது. அன்றைக்குக் கார்டைல் பில்டிங் என்று பெயர். 1934-ல் பாரத் இன்சூரன்ஸ் வாங்கியது. 1956-ல் ஆயுள் காப்பீடு அரசுடைமையானதும் எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006-ல் இடிக்கத் தொடங்கிவிட்டார்கள். பாரம்பரியக் கட்டடங்களுக்காகப் போராடும் இன்டாக் அமைப்பு உயர் நீதிமன்றப் படியேறியதால்தான் மிச்சம் தப்பியது.

★ பாரிமுனை அரண்மனைக்காரன் தெருவின் கோகலே ஹால், அன்னி பெசன்ட் 1915-ல் எழுப்பியது. ஹோம் ரூல் பேச்சுகள் முழங்கிய மண்டபம். அதையும் பாதி இடித்த பிறகுதான் வழக்கு வந்து தடுத்தது.

★ இந்தக் கட்டடங்கள் வயதாகி விழுவதில்லை. தண்ணீர் தேங்கி விழுகின்றன. பழைய சென்னை வீடுகளின் கூரை ‘மெட்ராஸ் டெரஸ்’. வரிசையாகத் தேக்குக் கட்டைகள். அவற்றின் மேல் சின்னச் செங்கற்களைக் குத்துவாக்கில், மூலைவாட்டமாகச் சுண்ணாம்புச் சாந்தில் பதிப்பார்கள். அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து போட்டு, கட்டையால் அடித்து இறுக்கி, தட்டோடு பாவுவார்கள். மொட்டை மாடியைப் பெருக்க ஆள் இருக்கும்வரை இது தலைமுறைகளைத் தாங்கும். வீட்டைப் பூட்டிவிட்டால் சருகு சேர்ந்து மழைநீர்க் குழாய் அடைத்துக்கொள்ளும். தேங்கிய நீர் இறங்கி, சுவருக்குள் புதைந்திருக்கும் கட்டை முனைகளைத்தான் முதலில் உளுக்க வைக்கும். கீழே நின்று பார்த்தால் கூரை நன்றாகவே தெரியும். ஒரு நாள் மொத்தமாக இறங்கிவிடும்.

★ அடுத்த எதிரி அரசங்கன்று. பறவை எச்சத்தில் வந்த விதை விரிசலில் முளைத்து, சுண்ணாம்புப் பூச்சைப் பிளந்துகொண்டு வேர் விடும். மேலே வெட்டினால் போதாது. வேர் உள்ளே உயிரோடு இருந்தால் மறுபடி துளிர்க்கும்.

★ நல்லெண்ணத்தோடு செய்யும் கெடுதல் ஒன்றும் உண்டு: பழைய சுவருக்குச் சிமெண்ட் பூசுவது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் அதை உள்ளேயே அடைத்துவிடுவதால் செங்கல் பொரிந்து கொட்டும். சிப்பிச் சுண்ணாம்போடு முட்டை வெண்கரு, தயிர், வெல்லத் தண்ணீர் சேர்த்து, கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளிங்காக மின்ன வைத்த ஊர் இது. அந்த வேலை தெரிந்த கொத்தனார்கள் இன்று அருகிவிட்டார்கள். எனக்கு இடிந்த சுவரைவிடப் பெரிய இழப்பாகப் படுவது இதுதான்.

★ எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தின் தேசிய கலைக்கூடம் 1909-ல் திறக்கப்பட்டது. மைசூர் அரண்மனையை வடிவமைத்த அதே ஹென்றி இர்வினின் வேலை. கல் சத்தியவேட்டிலிருந்து வந்தது. கட்டட உறுதி கருதி 2002-ல் பூட்டினார்கள். அதன் பிறகு நெடுங்காலம் பள்ளிப் பிள்ளைகள் அதன் வாசலை மட்டுமே பார்த்துத் திரும்பினார்கள்.

★ நெருப்பு கொண்டுபோனவை: ஸ்பென்சர் கடைக் கட்டடம் 1983. மூர் மார்க்கெட் 1985, மே 30. மூர் மார்க்கெட்டின் சிறு மாதிரி வடிவம் ஒன்று சென்ட்ரல் புறநகர் ரயில் நிலையத்தருகே வைக்கப்பட்டிருக்கிறது.

★ மீட்க முடியாது என்று யாராவது சொன்னால் சேப்பாக்கத்தைக் காட்டுங்கள். ஆற்காடு நவாபின் அரண்மனை, 1768-ல் கட்டியது. அதன் கலச மகால் 2012 ஜனவரியில் தீப்பற்றி, அணைக்கப் போன தீயணைப்பு வீரர் ஒருவர் உயிரிழந்தார். கூரை விழுந்த அந்த மகாலைச் சுண்ணாம்புச் சாந்து கொண்டே புதுப்பித்தார்கள். இன்று பசுமைத் தீர்ப்பாயம் அங்கே இயங்குகிறது. அதே அரண்மனையில் மரம் முளைத்துச் சிதைந்து கிடந்த ஹுமாயூன் மகாலையும் பொதுப்பணித் துறை மீட்டிருக்கிறது. கடற்கரைச் சாலையில் கட்டடக் கலைஞர் சிஸ்ஹோம் கட்டிய செனட் ஹவுசும் புறக்கணிப்பிலிருந்து மீண்டதுதான்.

★ ராயபுரம் நிலையத்திலிருந்து 1856 ஜூலை 1-ல் வாலாஜா ரோடுக்கு ரயில் ஓடியது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அது. அந்த நிலையக் கட்டடம் இன்றும் நிற்கிறது.

★ நீதிபதி பத்மநாபன் குழு சென்னையில் 467 பாரம்பரியக் கட்டடங்களைப் பட்டியலிட்டது. தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் 2012-ல் வந்தது. சட்டம் வருவதற்குள் எத்தனையோ போய்விட்டன.

★ பார்க்க ஆசையா? மதிலேறிக் குதிக்க வேண்டாம், அது அத்துமீறல். உளுத்த மாடித் தளம் ஒருவர் எடையைக்கூடத் தாங்காது. ஆகஸ்ட் 22 மெட்ராஸ் தினத்தையொட்டி நடக்கும் பாரம்பரிய நடைகளில் சேர்ந்துகொள்ளுங்கள். உங்கள் தெருவில் பூட்டிய பழைய கட்டடம் இருந்தால், வெளியே நின்றபடியே தேதியோடு படமெடுத்து வையுங்கள். நாளை யாராவது வழக்குத் தொடுத்தால் அந்தப் படம் சாட்சியாக உதவும்.