புறப்பட்ட துறையும் அடைந்த துறையும்

வல்வெட்டித்துறையிலே கட்டப்பட்ட ‘அன்னபூரணி’ என்னும் பாய்க்கப்பல் 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்திச் சென்றோருள் இவ்வூர்க் கடலோடிகளும் இருந்தனர். கடலோடியின் கணக்கிலே ஒரு நியதி உண்டு. கப்பல் இன்று எங்கே நிற்கின்றது என்பது மட்டும் போதாது. எங்கிருந்து புறப்பட்டது, எத்தனை நாளில் வந்தது என்பனவும் தெரிந்தாலன்றி ஓட்டத்தின் திறம் புலப்படாது.

பள்ளிக்கூடங்களை மதிப்பிடும்போது இந்நியதியை நாம் மறந்துவிடுகின்றோம். 5ஆம் தரப் புலமைப்பரிசில் பரீட்சையில் எத்தனை பிள்ளைகள் வெட்டுப்புள்ளியைத் தாண்டினர் என்பதொன்றையே கேட்கின்றோம். ஒரு பள்ளிக்கு வரும் பிள்ளை நூறுவரை எண்ணக் கற்றே வருகின்றது என்க. மற்றொரு பள்ளிக்கு வரும் பிள்ளைக்குப் பத்துவரை எண்ணுதலும் அரிது. ஐந்தாண்டின் பின் முன்னது 80 புள்ளியும் பின்னது 60 புள்ளியும் பெறுமாயின், கூடுதலாகக் கற்பித்த பள்ளி எது? விடை எளிதன்று.

1966இல் அமெரிக்காவில் வெளிவந்த கோல்மன் அறிக்கை, மாணவர் பெறுபேற்றைப் பள்ளியைவிடக் குடும்பச் சூழலே பெரிதும் நிர்ணயிக்கின்றது என்றது. ஆனால், இலண்டனில் 50 ஆரம்பப் பள்ளிகளின் பிள்ளைகளை நான்காண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்த மோட்டிமோர் குழுவினர் 1988இல் வேறோர் உண்மையை உணர்த்தினர். பிள்ளை அடைந்த நிலையை அன்றி, அடைந்த வளர்ச்சியை அளந்தால், வீட்டினும் பள்ளியே வலிது. கணிதத்திலே அது மிகத் தெளிவு. ஒழுங்குபெற அமைந்த பாடவேளை, சிந்தனையைத் தூண்டும் வினா, தவறாது பேணப்படும் முன்னேற்றப் பதிவு, பெற்றோரின் பங்கேற்பு ஆகியவை சிறந்த பள்ளிகளின் இயல்புகளாயிருந்தன.

இதிலே வியப்பென்ன? மொழியைப் பிள்ளை வீட்டிலும் வீதியிலும் கேட்டுப் பழகுகின்றது. பின்னத்தையும் வகுத்தலையும் பெரும்பாலும் வகுப்பறையிலேதான் காண்கின்றது. ஆகவே நல்லாசிரியர் வாய்த்தால் கணிதம் விரைந்து வளரும், வாய்க்காவிடின் தேங்கும்.

சிதம்பராக் கல்லூரியின் பெயரால் கடல் கடந்தும் கணிதப் போட்டி நடத்திய ஊர் இது. முந்தி வந்தோரைப் போற்றுதல் தகும். எனினும், பெறுபேற்றை மட்டும் பார்த்துச் சிறு பள்ளியைத் தாழ்வென்று ஒதுக்கினால் பிள்ளைகள் குறைவர், ஆசிரியரும் குறைவர், ஈற்றிலே கதவும் மூடப்படும். பத்திலிருந்து அறுபதுக்கு அழைத்து வந்த ஆசிரியையின் உழைப்பு எந்தப் பலகையிலும் எழுதப்படாமற் போகும்.

முதலாந் தரத்திலேயே பிள்ளையின் எண்ணறிவைக் குறித்து வைப்போம். ஆண்டுதோறும் அதனோடு ஒப்பிடுவோம். புறப்பட்ட துறையைக் குறியாத மாலுமிக்கு வந்த தூரம் எவ்வாறு தெரியும்?