காப்பாற்ற வேண்டியது ஒயரைத்தான்

கேரவன் வண்டியோடு ஆஸ்திரேலியாவின் உள்நாட்டுப் பகுதிகளுக்குக் கிளம்புகிறவர்கள், மின்கம்பமே இல்லாத இடங்களில் நாள்கணக்கில் தங்குகிறார்கள். கூரையில் சோலார் பேனல், இருக்கைக்கு அடியில் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி. ஃபிரிட்ஜும் விளக்கும் இன்வெர்ட்டரும் அதை நம்பித்தான் ஓடுகின்றன. செல்போனில் இருக்கும் லித்தியம் பேட்டரியைவிட இது பாதுகாப்பானது என்று சொல்வதில் உண்மை இருக்கிறது. 1990களில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜான் குட்இனஃபின் குழு பேட்டரிக்கு உகந்தது என்று கண்டறிந்த இந்தப் பொருளில் ஆக்சிஜன் பாஸ்பரசுடன் இறுகப் பிணைந்திருக்கிறது. சூடேறினாலும் எளிதில் பிரிந்து வந்து தீயை வளர்ப்பதில்லை. ஆனால் அந்த நற்பெயர் பேட்டரிக்கு உள்ளே இருக்கும் வேதிப்பொருளுக்கு மட்டுமே சொந்தம். இந்த அமைப்பில் முதலில் அஞ்ச வேண்டியது பேட்டரியிலிருந்து கிளம்பும் தடித்த ஒயரைத்தான் என்பேன்.

ஒரு சின்னக் கணக்கு இதைக் காட்டிவிடும். 3.2 வோல்ட் செல்கள் நான்கு சேர்ந்தால் 12.8 வோல்ட். கரடுமுரடான பாதையில் வண்டி குலுங்கி, ஒயரின் மேலுறை தேய்ந்து சேசிஸைத் தொடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தச் சுற்றின் மொத்த மின்தடை 4 மில்லி ஓம் என்றால் பாயும் மின்னோட்டம் 3,200 ஆம்பியர். பட்டறையில் இரும்பை உருக்கி ஒட்டும் வெல்டிங்குக்கே நூறு, இருநூறு ஆம்பியர் போதும். 12 வோல்ட்தானே, ஷாக்கூட அடிக்காதே என்பவர்கள் இதைத்தான் மறந்துவிடுகிறார்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு வெகு அருகில் ஃபியூஸ் வேண்டும் என்பது இதனால்தான். முனைக்கும் ஃபியூஸுக்கும் இடைப்பட்ட ஒயருக்கு வேறு காவல் கிடையாது. அதற்காக ஏதோ ஒரு ஃபியூஸ் போதாது. வீட்டு மின்சாரம் நொடிக்கு நூறு முறை சுழியத்தைத் தொடுவதால் தீப்பொறி தானே அணைய வழி உண்டு. பேட்டரியின் நேர்மின்னோட்டத்தில் அந்த இடைவெளியே இல்லை. மலிவான ஃபியூஸின் இழை உருகிய பிறகும், மின்வில் (ஆர்க்) உருகிய இடத்தைத் தாண்டி எரிந்துகொண்டே இருக்கலாம். ‘கிளாஸ் டி’ (Class T) ஃபியூஸுக்குள் மணல் நிரம்பியிருக்கிறது. வில்லின் வெப்பத்தை உறிஞ்சி உருகும் மணல் அதை அணைத்துவிடுகிறது. 20,000 ஆம்பியரையே துண்டிக்கக்கூடிய ரகம் அது. விலை கூடுதல்தான், ஆனால் பேட்டரிக்குக் கொடுத்த பணத்தோடு பார்த்தால் சிறு தொகை.

பேட்டரிக்குள்ளேயே பி.எம்.எஸ். என்னும் பேட்டரி மேலாண்மை சர்க்யூட் இருக்கிறதே, ஷார்ட் சர்க்யூட்டை அது பார்த்துக்கொள்ளாதா என்று கேட்கலாம். பி.எம்.எஸ். செய்யும் வேலை அருமையானது. ஒவ்வொரு செல்லையும் சுமார் 2.5 முதல் 3.65 வோல்ட்டுக்குள் நிறுத்துகிறது. ஸ்னோயி மலைகளின் குளிர்கால இரவுபோல வெப்பநிலை சுழியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்கினால், அதற்கான உணரி உள்ள ரகங்கள் சார்ஜ் ஏறுவதையே தடுக்கின்றன. இல்லாவிட்டால் லித்தியம் கிராஃபைட்டுக்குள் நுழைய முடியாமல் அதன் மேலேயே உலோகமாகப் படிந்து செல்லைக் கெடுக்கும். ஆனால் பி.எம்.எஸ். மின்னோட்டத்தை நிறுத்துவது மாஸ்ஃபெட் என்னும் குறைக்கடத்திச் சுவிட்சுகளால். ஆயிரக்கணக்கான ஆம்பியரைத் திடீரென்று வெட்டும்போது ஒயரின் தூண்டலால் எழும் மின்னழுத்தம் அவற்றையே அழித்துவிடக்கூடும். பழுதான மாஸ்ஃபெட் பெரும்பாலும் மூடிய நிலையிலேயே நின்றுவிடும். மின்சாரம் தடையின்றி ஓடும். ஃபியூஸின் இழையோ உருகித்தான் ஆக வேண்டும்.

ஃபியூஸாலும் கண்டுபிடிக்க முடியாத ஒரு கோளாறு உண்டு: தளர்ந்த லக், அதாவது ஒயரின் நுனியில் இருக்கும் உலோக இணைப்பு முனை. 2,000 வாட் இன்வெர்ட்டர் முழுச் சுமையில் 150 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். சரியாக இறுகாத இணைப்பில் 2 மில்லி ஓம் மின்தடை இருந்தாலே, 150 ஆம்பியரில் அந்த ஒரே புள்ளியில் 45 வாட் வெப்பம் பிறக்கிறது. சால்டரிங் அயர்ன் ஒன்றின் சூடு அது. மின்னோட்டம் வழக்கமான அளவிலேயே இருப்பதால் ஃபியூஸ் அசையாது. பிளாஸ்டிக் உறை மட்டும் மெல்ல இளகும். இதற்கு அகச்சிவப்பு வெப்பமானிதான் துணை. இன்வெர்ட்டரைச் சில நிமிடங்கள் முழுச் சுமையில் ஓட்டிவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் அதைக் காட்டினால், மற்றவற்றைவிடச் சூடாக இருக்கும் லக் எது என்று தெரிந்துவிடும். சுமையை நிறுத்தி, பேட்டரி இணைப்பைத் துண்டித்துவிட்டு அந்த லக்கைக் கழற்றிச் சுத்தம் செய்து, தயாரிப்பாளர் குறிப்பிட்ட முறுக்குவிசைக்கு டார்க் ரெஞ்சால் இறுக்க வேண்டும்.