சட்டைப்பை புரொஜெக்டர்: வாங்க முன் வெளிச்சத்தைப் பாருங்கள்

2018 ஆம் ஆண்டு கண்டியில் எனக்கு ஏற்பட்ட நட்டம் ஒன்றை வர்த்தக நண்பர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். புறக்கோட்டையில் கேர்ட்டன் துணி மொத்த வியாபாரம் செய்யும் நான், ஹோட்டல்களுக்குச் செல்லும்போதெல்லாம் கனமான மாதிரிப் புத்தகங்களைச் சுமந்து திரிந்தவன். உள்ளங்கையில் அடங்கும் புரொஜெக்டர் ஒன்றை வாங்கியதும் அந்தச் சுமை ஒழிந்தது என மகிழ்ந்தேன்.

நண்பகல் நேரம். ஹோட்டல் வரவேற்பறையின் இளம்பச்சைச் சுவரில் படத்தைப் போட்டேன். மங்கலாகத்தான் தெரிந்தது. ஆனாலும் உரிமையாளரான ஹாஜியார் ஒரு நிறத்தைத் தெரிவு செய்தார். துணியைக் கொண்டுபோய் இறக்கியபோது, "தம்பி, நீங்க காட்டின கலர் இது இல்லையே" என்றார். அவர் சொன்னது நியாயம். அளவுக்கு வெட்டிய 300 மீற்றர் துணி திரும்பி வந்தது.

பிழை கருவியில் இல்லை. அதை அறியாமல் வாங்கிய என்னில்தான்.

முதலில் பார்க்க வேண்டியது வெளிச்சம். பெட்டியில் வெறுமனே "5000 லூமன்" என்று இருந்தால் நம்பி விடாதீர்கள். "ஆன்சி லூமன்" எவ்வளவு என்று கேளுங்கள். சட்டைப்பையில் அடங்கும் கருவிகளில் அது பெரும்பாலும் 100 அல்லது அதற்கும் குறைவு. 100 லூமன் ஒளியை 60 அங்குலப் படமாக, அதாவது ஏறத்தாழ ஒரு சதுர மீற்றரில் பரப்பினால் 100 லக்ஸ் வெளிச்சமே கிடைக்கும். நன்கு ஒளியூட்டப்பட்ட கடையிலோ 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். படம் எப்படித் தெரியும்? படத்தை 30 அங்குலமாகச் சுருக்கினால் வெளிச்சம் நான்கு மடங்காகும். பெரிதாகக் காட்டும் ஆசையை விட்டு, யன்னலை மூடி, வெள்ளைச் சுவரிலோ வெள்ளைத் துணியிலோ சிறிதாகக் காட்டுவதே புத்தி.

இரண்டாவது, படத்தின் துல்லியம். "1080 சப்போர்ட்" என்றால் அந்த அளவுப் படத்தை ஏற்றுக்கொள்ளும் என்பதே பொருள். கருவியின் சொந்த அளவு 854 x 480 ஆக இருக்கலாம். விலைப்பட்டியலின் சிறிய எழுத்துக்கள் அதில் தெளிவாக விழாது.

மூன்றாவது, பற்றரி. எல்.ஈ.டி. விளக்கு பல்லாயிரம் மணித்தியாலங்கள் உழைக்கும். முதலில் களைப்பது பற்றரிதான். பல கருவிகள் பற்றரியில் இயங்கும்போது வெளிச்சத்தையும் குறைத்துக் கொள்கின்றன. ஆகவே சார்ஜரையும் நீண்ட வயரையும் மறக்க வேண்டாம்.

நான்காவது, இணைப்பு. எல்லாக் கையடக்கத் தொலைபேசிகளும் வயர் மூலம் படம் அனுப்புவதில்லை. உங்கள் தொலைபேசியைக் கடைக்கே கொண்டுபோய், விளக்குகள் எரியும்போதே போட்டுப் பாருங்கள். தமிழில் தயாரித்த பக்கங்கள் வேறு கருவியில் எழுத்துக் குழம்பி வரக்கூடும். அவற்றைப் படங்களாக மாற்றி பென் டிரைவில் வைத்துக்கொண்டால் அந்தத் தொல்லை இல்லை.

இன்றும் அந்தக் கருவியைப் பயன்படுத்துகிறேன். ஆனால் துணி யன்னலில் எப்படித் தொங்கும், மடிப்பு எப்படி விழும் என்பவற்றை மட்டுமே சுவரில் காட்டுகிறேன். நிறத்துக்குத் துணித்துண்டையே வாடிக்கையாளரின் கையில் கொடுத்து, வெளிச்சத்தில் பார்க்கச் சொல்கிறேன். தெரிவு செய்த துண்டை இரண்டாக வெட்டி, ஒன்றில் அவரது கையொப்பத்தை வாங்கி ஓடர் தாளோடு இணைத்துக் கொள்கிறேன். மற்றது அவரிடமே இருக்கும்.

தளபாடமோ தரையோடோ பெயின்ற்றோ விற்பவர்களுக்கும் இதே கதைதான். சுவரில் விழும் படம் வாடிக்கையாளரின் ஆவலைத் தூண்டும். ஓடரை உறுதி செய்வது கையில் கொடுக்கும் மாதிரிதான்.