ஜீவனி கலக்கும் நீரின் அளவு

வயிற்றோட்டம் கண்ட பிள்ளைக்கு ஜீவனி கொடுக்க வேண்டும் என்பதை நம் தாய்மார் அனைவரும் அறிவர். ஆனால் 1990இலும் 2006இலும் மூதூர், சம்பூர்ப் பக்கங்களிலிருந்து ஓடிவந்தவர்கள் லீற்றர் போத்தலையும் எடுத்துக்கொண்டா ஓடிவந்தார்கள்? முகாமில் கைக்கு அகப்படுவது ஒரு தேநீர்க் கோப்பைதான். ஒரு லீற்றருக்குரிய பைக்கற்றை அதற்குள் கொட்டினால் என்னவாகும்?

சரியாகக் கலந்த ஒரு லீற்றர் ஜீவனியில் சோடியம் 75 மில்லிமோல் இருக்கும். (2002க்கு முன் 90 ஆக இருந்ததை உலக சுகாதார நிறுவனம் குறைத்தது.) அதே பைக்கற்றை 200 மில்லிலீற்றரில் கரைத்தால் உப்பின் செறிவு 375 ஆகிவிடும். கடல்நீரிலேயே ஏறக்குறைய 470தான். உவர்க் கிணற்று நீரில் கரைத்தால் இன்னும் கூடும்.

பிள்ளையின் இரத்தத்தில் சோடியம் 135 முதல் 145 வரை இருக்க வேண்டும். அதற்கு மேல் ஏறினால் உடலின் கலங்களிலிருந்து நீர் இரத்தத்துக்கு இழுக்கப்படுகிறது, மூளையும் சுருங்குகிறது. இதில் ஒரு ஏமாற்று உண்டு. தோல் அவ்வளவாக வற்றித் தெரியாது, பிசைந்த மாவைப் போலிருக்கும். ஆனால் பிள்ளை கடுந்தாகத்தில் தவிக்கும், கீச்சுக் குரலில் அழும், பிறகு சோர்ந்துவிடும். வலிப்பும் வரலாம்.

1962இல் அமெரிக்காவின் பிங்காம்டன் நகர வைத்தியசாலையொன்றில் சீனிக்குப் பதிலாக உப்பு குழந்தைப் பாலில் கலந்துபோனது. ஆறு குழந்தைகள் இறந்தன. பெரிய வைத்தியசாலையிலேயே நடந்தது இது.

ஆகவே வைத்தியர் இரத்தம் எடுக்குமுன் கேள்விகள் கேட்பார். எத்தனை நாளாகப் போகிறது? சிறுநீர் கழிக்கிறதா? என்ன குடித்தது? ஜீவனியை எதில், எவ்வளவு நீரில் கலந்தீர்கள்? ஏச்சு விழுமோ என்று மறைக்க வேண்டாம். இந்தப் பதிலில்தான் காரணம் பிடிபடும். பிறந்து சில நாட்களேயான குழந்தை என்றால் பால் போதுமான அளவு கிடைக்கிறதா என்றும் நிறை எவ்வளவு குறைந்தது என்றும் பார்ப்பார்கள்.

பெரியாஸ்பத்திரியில் ஏன் இரண்டு நாள் மறித்து வைக்கிறார்கள் என்று சிலர் சலிக்கிறார்கள். ஏறிய சோடியத்தை மெதுவாகவே இறக்க வேண்டும். ஒரு நாளில் 10 அல்லது 12க்கு மேல் இறங்கினால் மூளை வீங்கிவிடும். தவிக்கிறதே என்று வீட்டில் வெறுந்தண்ணீரை நிறையப் பருக்குவதும் இதனாலேயே ஆபத்து. வழியில் தாய்ப்பாலை மட்டும் நிறுத்த வேண்டாம்.

ஒரு லீற்றர் தண்ணீர்ப் போத்தல் வெறுமையானால் எறியாமல் கழுவி வையுங்கள். கொதித்தாறிய நீரை அதில் அளந்து முழுப் பைக்கற்றையும் கரையுங்கள். 24 மணித்தியாலத்துக்குப் பின் மிஞ்சியதை ஊற்றிவிடுங்கள்.