கோட்டுக்குள் ஒளிந்த இரண்டு ஹெக்டேர்

தூத்துக்குடிக்கு அருகே, மன்னார் வளைகுடாவில் காரைச்சல்லி என்றொரு தீவு இருக்கிறது. 1969-ஆம் ஆண்டு நிலப்பட அளவின்படி அதன் பரப்பு 20.85 ஹெக்டேர். 2024-இல் மிச்சம் 3.14 ஹெக்டேர்.

இரண்டாவது எண்ணைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். எனக்கு முதல் எண்ணின் மேல்தான் கண். ஒரு பழைய தாளை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இந்திய நில அளவைத் துறையின் நிலப்படத் தாள், அதாவது டோப்போஷீட் என்றால் பெரும்பாலும் 1:50,000 அளவைத்தான். அதாவது தாளில் ஒரு மில்லிமீட்டர், தரையில் 50 மீட்டர். இருபது ஹெக்டேர் தீவு அதில் விரல் நகம் அளவுதான் வரும். கரையை வரைந்த பேனாக்கோடு 0.3 மில்லிமீட்டர் தடிமன் என்று வையுங்கள். அதுவே தரையில் 15 மீட்டர் அகலம். தீவைச் சுற்றிக் கணக்குப் போட்டால் இரண்டு ஹெக்டேருக்கு மேல் கோட்டுக்குள்ளேயே ஒளிந்துகொள்கிறது. கோட்டின் உள்விளிம்பில் அளப்பதா, வெளிவிளிம்பிலா?

ஓதமும் சேர்ந்து குழப்பும். நிலப்படத்தின் கரைக்கோடு உயர் ஓதம் தொடும் இடம். செயற்கைக்கோளோ படம் எடுத்த நொடியில் நீர் எங்கே நின்றதோ அதைத்தான் காட்டும். மன்னார் வளைகுடாவில் ஓதம் ஒரு மீட்டர்கூட ஏறுவதில்லை. ஆனாலும் தட்டையான மணல் திட்டில் அரை மீட்டர் நீர் ஏறினாலே கரை பல மீட்டர் உள்ளே போய்விடும்.

இத்தனையையும் கழித்துவிட்டுப் பார்த்தாலும் காரைச்சல்லி இழந்த பதினேழு சொச்சம் ஹெக்டேருக்குச் சமாதானம் கிடைக்காது. தீவு கரைந்தது நிஜம். சுண்ணாம்புக்கும் கட்டுமானத்துக்கும் பவளப்பாறைகளைப் பல்லாண்டு வெட்டி எடுத்தார்கள். அலையை உடைக்கும் அரண் போனதும் மணல் நிற்கவில்லை. பக்கத்து வான் தீவும் இப்படித்தான் தேய்ந்தது. 2015 முதல் அங்கே செயற்கைப் பாறைகளைக் கடலில் இறக்கி அலையின் வேகத்தைத் தணித்திருக்கிறார்கள்.

இதே வளைகுடாவில் இருந்த விலாங்குச்சல்லி, பூவரசன்பட்டி தீவுகளுக்கு அந்த அவகாசம் கிடைக்கவில்லை. ஒரு ஹெக்டேர்கூட இல்லாத திட்டுகள். 1:50,000 தாளில் கடுகளவு. இரண்டும் இப்போது நீருக்கடியில். இவையெல்லாம் அடங்கிய மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவின் தீவுக் கணக்கு மட்டும் இன்னும் 21.