கொழும்பில் நம்மவர் வீடுகள்

கல்முனைக் கரையில் ஒருவர் கொழும்புக்குப் புறப்படுகிறார் என்று கேள்விப்பட்டால், "யார் வீட்டில் தங்குகிறீர்கள்?" என்றுதான் அயலவர் முதலிற் கேட்பர். என்ன காரியம் என்று பிறகே விசாரிப்பர். கடவுச்சீட்டு எடுக்கப் பத்தரமுல்லைக்குப் போகலாம். புறக்கோட்டையிற் புடைவை வாங்கப் போகலாம். நோயாளியொருவரை மஹரகமைக்கு அழைத்துச் செல்லலாம். இரவிலே தலைசாய்க்க ஓர் உறவினர் வீடு உண்டா என்பதைப் பொறுத்தே அந்தப் பிரயாணம் சுகமாவதும் சுமையாவதும்.

இதற்குக் காரணம் நம் ஊர்களின் அமைப்பிலேயே இருக்கிறது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று ஊரோடு ஊர் ஒட்டிக்கொண்டு கடலோரமாக நீண்டு கிடக்கின்றன. எந்த ஊர் எங்கே முடிகிறது என்பது புதிதாக வருபவருக்கு விளங்காது. பெண்ணுக்கு வீடு கொடுப்பது இப்பகுதித் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழக்கம். மாப்பிள்ளை மனைவி வீட்டில் வந்து குடியேறுவார். ஆதலால் ஒரே வளவினுள் உம்மாவின் வீடும் ராத்தாவின் வீடும் தங்கையின் வீடும் அடுத்தடுத்து நிற்கும். குடியும் தாய்வழியாகவே எண்ணப்படும். அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே 1970ஆம் ஆண்டுகளில் அக்கரைப்பற்றில் வந்திருந்து இந்தக் குடிமுறையை ஆராய்ந்து பெரிய நூலொன்றை எழுதினார். நம் மூத்தம்மாமாருக்கோ அது வெற்றிலை மெல்லும் நேரத்திற் சொல்லி முடிக்கும் விஷயம்! இப்படி நாலு வீடு சூழ வளர்ந்த ஒருவர், தெஹிவளையில் நாலாம் மாடியிற் கதவைச் சாத்திக்கொண்டு வாழும் மருமகன் வீட்டு வாசலில் போய் நின்றால் சற்றுத் திகைக்கத்தான் செய்வார்.

பழைய பிரயாணத்தைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். புகையிரதம் மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. கல்முனைக்கு இன்றுவரை தண்டவாளம் வரவில்லை. எனவே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் பஸ்ஸிற் சென்று, 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலத்தைக் கடந்து, மட்டக்களப்பில் இரவு வண்டி ஏறுவர். (2013 முதல் அதன் பக்கத்திலேயே புதிய பாலம் இருக்கிறது.) வாழைச்சேனை, பொலன்னறுவை, கல்ஓயாச் சந்தி, மாஹோச் சந்தி என்று வண்டி இரவு முழுவதும் ஆடியசைந்து சென்று, விடியும் வேளையிற் கோட்டையை அடையும். கையிலே வாழையிலைச் சோற்றுப் பொதி. காலடியிலே துணியால் வாய்கட்டிய தயிர்ச்சட்டி. மடித்த பன்பாய் ஒன்று. மருதமுனைத் தறியில் நெய்த சாரன் இரண்டு. கருவாடும் இருக்கும், ஆனால், அதை வைத்திருப்பவர் தமதென்று ஒப்புக்கொள்ள மாட்டார்! இன்றைக்கு மாலையில் கல்முனையில் குளிரூட்டிய பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தால் அம்பாறை, மஹியங்கனை வழியாகவோ பொலன்னறுவை வழியாகவோ விடியுமுன் கொழும்பு வந்துவிடுகிறது. பஸ் மாறினாலும் தயிர்ச்சட்டி மாறவில்லை.

இடையிலே போர்க்காலம் ஒன்று இருந்தது. 2009இல் அது முடியும்வரை, கிழக்கிலிருந்து போகிறவர் சோதனைச் சாவடிதோறும் இறங்கி அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். தங்க இடம் கொடுத்த கொழும்பு உறவினரும் விருந்தினரின் பெயரைப் பொலிஸ் நிலையத்திற் பதிய வேண்டியிருந்தது. அந்நாட்களிற் கதவைத் திறந்து "வாங்க" என்று சொன்னவர்களை நம் குடும்பங்கள் மறந்துவிடவில்லை.

கல்முனைக்கும் கொழும்புக்கும் உள்ள தொடர்பைப் பேசும்போது அறிஞர் ஏ. எம். ஏ. அஸீஸ் அவர்களை விட்டுவிட்டுப் பேச இயலாது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் கொழும்பையும் திருகோணமலையையும் தாக்கின. மட்டக்களப்புக்கு அப்பால் 'ஹேர்மீஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கடிக்கப்பட்டது. பர்மா அரிசி வருவதும் நின்றுபோயிற்று. நெல் உற்பத்தியைப் பெருக்குவதற்காக அந்த நெருக்கடியில் கல்முனையில் ஓர் அவசரக் கச்சேரி திறக்கப்பட்டது. அதற்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டவரே அஸீஸ். யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தவர். இலங்கைச் சிவில் சேவையில் இடம்பெற்ற முதல் முஸ்லிம். நெல்லுக்காக வந்தவர் இப்பகுதிப் பிள்ளைகளின் கல்வி நிலையைக் கண்டு மனம் வருந்தி, அதே ஆண்டிற் கல்முனையில் முஸ்லிம் கல்விச் சங்கம் ஒன்றை அமைத்தார். காரைதீவிற் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் நட்பும் அவருக்கு வாய்த்தது. 1945இல் கொழும்பில் அவர் நிறுவிய முஸ்லிம் மாணவர் கல்விச் சகாய நிதிக்கு இந்தக் கல்முனைச் சங்கமே முன்னோடி. பின்னர் 1948 முதல் 1961 வரை மருதானை ஸாஹிறாக் கல்லூரியின் அதிபராக இருந்தார். நம் கரையிலிருந்து பெட்டியும் படுக்கையுமாகச் சென்று அங்கே படித்துத் திரும்பிய பிள்ளைகள் உண்டு. ஊரவர் சிலருக்குக் கொழும்பு என்றாலே முதலில் மருதானை நினைவுக்கு வருவது அதனாலேதான்.

அந்த ஸாஹிறாவின் வரலாறே சுவையானது. 1883இல் எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு இங்கு வந்த ஒறாபி பாஷாவின் ஊக்கமும், சித்தி லெப்பையின் கனவும், வாப்பிச்சி மரைக்காரின் பொருளும் உழைப்பும் சேர்ந்து 1892இல் அக்கல்லூரி உருவாயிற்று. வாப்பிச்சி மரைக்கார் பெரிய கட்டட நிபுணர். 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையைக் கட்டியவரும் அவரே. என்ன வெகுமதி வேண்டும் என்று தேசாதிபதி கிரெகரி கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடிவைத்தாற் போதும் என்று அவர் சொன்னதாக ஒரு கதை வழங்குகிறது. நூதனசாலையும் நெடுங்காலம் வெள்ளிக்கிழமைகளில் மூடியே இருந்தது. பிள்ளைகளை அங்கே அழைத்துச் செல்லும் பெற்றோர் வெறும் சிலைகளை மட்டும் காட்டாமல் கட்டடத்தையும் காட்டி இந்தக் கதையையும் சொல்லலாம்.

புறக்கோட்டை இரண்டாம் குறுக்குத் தெருவிற் செங்கோடும் வெண்கோடுமாக நிற்கும் சம்மாங்கோட்டுப் பள்ளிவாசல் 1909இற் கட்டி முடிக்கப்பட்டது. சாமான் வாங்கப் போகும் நம்மவர் ழுஹர் தொழுகைக்கு அங்கே ஒதுங்குவது வழக்கம். வண்டிக்காரர் சத்தமும் தெருவின் புழுக்கமும் உள்ளே நுழைந்ததும் அடங்கிவிடும். தாமரைக் கோபுரத்தைப் பற்றிப் பிள்ளைகளே பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பர்: 350 மீற்றர் உயரம், 2022இல் பொதுமக்களுக்குத் திறந்தார்கள் என்று. ஏறிப் பார்க்கலாம், ஆனால், நமக்கு என்னவோ காலிமுகத்திடலே போதும் என்று தோன்றுகிறது. தேசாதிபதி வார்ட் 1859இல் அந்த நடைபாதையை முடித்தபோது, பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பயன்படும்படி அதைக் காக்குமாறு தமக்குப் பின்வருவோரைக் கல்லிலே எழுதிக் கேட்டுக்கொண்டார். கடலை நிரப்பி எடுத்த 269 ஹெக்டேயர் துறைமுக நகரம் இப்போது வடபுறத்துக் கடற்காட்சியை மறைத்துவிட்டது. மிஞ்சிய பக்கத்திலே சூரியன் மறைவதைப் பார்த்துக்கொண்டு இறால் வடை தின்னலாம். நம் ஊரிற் சூரியன் கடலிலே உதிக்கும். அங்கே கடலிலே மறையும். இதைக் கண்டு நம் பேரன் அடைந்த வியப்பு, கோபுரத்தைக் கண்டபோதுகூட இல்லை.

இவையெல்லாம் உல்லாசப் பிரயாணம். மஹரகமைப் பயணம் வேறு. புற்றுநோய்க்கான பெரிய அரசாங்க வைத்தியசாலை அங்கே இருப்பதால் நாட்டின் எல்லாத் திசையிலிருந்தும் நோயாளிகள் வந்து சேர்கிறார்கள். சிகிச்சை ஒருநாளில் முடிவதன்று; வாரக்கணக்கில், மாதக்கணக்கில் நீளும். கூட வருபவர் எங்கே தங்குவது? கொழும்பில் இரண்டு அறை வீட்டில் வாழும் உறவினர்தான் கதி. நாம் தங்கிய மருமகன் வீட்டில், முன்னறைச் சோபாவின் கீழே எப்போதும் ஒரு பாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. கடந்த ஆண்டில் அந்தப் பாய் விரியாத மாதமே இல்லை என்று மருமகன் சிரித்துக்கொண்டே சொன்னார். மனைவியோ காலை ஐந்து மணிக்கு எழுந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பித் தாமும் வேலைக்குப் போகிறவர். விருந்தினராகப் போகும் நம்மவர் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். வருகிற நாளை முன்னரே அறிவித்துவிட்டு, அரிசி ஒரு மூட்டையையும் கொண்டுபோய் இறக்குவது நல்லது. சம்மாந்துறை நெல்லரிசி என்றால் கொழும்பிலே தனி மதிப்பு!

அந்த மருமகள் கொழும்பிலேயே பிறந்து வளர்ந்தவர். "மாமா, சொகமா ஈக்கிறீங்களா?" என்று அவர் கேட்க, "ஓம் மகள், என்ன குறை கிடக்கு" என்று நாம் பதில் சொன்னோம். நம் பேரன் மூத்தவனைக் 'காக்கா' என்கிறான். அங்குள்ள பிள்ளைகள் 'நானா' என்கிறார்கள். நம் ராத்தா அவர்களுக்குத் தாத்தா. 'தாத்தா வருகிறார்' என்று கேட்டதும் பேரன் கிழவர் ஒருவரை எதிர்பார்த்து வாசலைப் பார்க்க, இருபது வயதுப் பெண்ணொருத்தி உள்ளே வந்தாள்! 'மறுகா' என்ற நம் சொல்லைக் கேட்டு அப்பிள்ளைகள் நகைத்தனர். இரண்டாம் நாளே அவர்களும் 'மறுகா' என்று சொல்லத் தொடங்கிவிட்டனர்.

இம்முறை நாம் கொழும்புக்குச் சென்றதற்கு வேறொரு காரணமும் இருந்தது. நம் மூத்த காக்கா கல்முனையில் ஆசிரியராக இருந்தவர். 1970ஆம் ஆண்டுகளில் அவரோடு ஒரே பாடசாலையிற் படிப்பித்த காரைதீவு மாஸ்டர் ஒருவர், நம் வீட்டுப் பெருநாளுக்கு வராதிருந்ததில்லை. அவர் வீட்டுப் பொங்கலுக்குக் காக்கா போகாதிருந்ததுமில்லை. 1985இல் இரு சமூகத்தாருக்குமிடையே கலவரம் மூண்டது. 1990இற் போர் மறுபடியும் தொடங்கி, இருபக்கத்திலும் மாண்டவர் பலர். அந்த ஆண்டில் மாஸ்டர் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போனார். அதன்பின் செய்தியே இல்லை. அவர் வெள்ளவத்தையில் மகள் வீட்டில் இருக்கிறார் என்பது, அவருடைய பழைய மாணவர் ஒருவர் மூலம் இவ்வாண்டுதான் தெரியவந்தது.

காக்கா இன்று இல்லை. 2004 டிசம்பர் 26ஆம் தேதி வந்த சுனாமி இலங்கையில் வேறெங்கும் இல்லாத அளவுக்கு அம்பாறை மாவட்டத்தில் 10,000க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயிற்று. அவர்களில் அவரும் ஒருவர். கடலோரமிருந்த வீடும் போயிற்று. வீட்டிலிருந்த படங்களும் கடிதங்களும் போயின. இக்கரையிற் பல குடும்பங்களின் நிலை இதுவே. திருமணப் படம் இல்லை, வாப்பா உம்மாவின் படம் இல்லை. அப்படங்களின் பிரதி வெளியூர் உறவினர் வீட்டு அலுமாரியில் எங்கேனும் கிடைத்தால்தான் உண்டு. காக்காவின் முகத்தை அவருடைய பேரப்பிள்ளைகள் கண்டதில்லை.

மாஸ்டருக்கு எண்பது வயது கடந்துவிட்டது. கண் மங்கியிருந்தாலும் நம் குரலைக் கேட்டதும், "தம்பி, மச்சான்ட குரல் அப்பிடியே உனக்கு" என்றார். சிறிது நேரம் ஒருவரும் பேசவில்லை. பின்னர் அக்கா, அதாவது மாஸ்டரின் துணைவியார், உள்ளே போய் ஒரு பழைய பிஸ்கற் தகரத்தைக் கொண்டுவந்தார். ஊரைவிட்டுப் புறப்பட்ட இரவில், நகையும் காணி உறுதியும் வைத்திருந்த அந்தத் தகரத்தை மட்டுமே எடுத்துக்கொண்டு வந்தார்களாம். அதற்குள்ளே பாடசாலை ஆசிரியர் குழுப் படம் ஒன்று இருந்தது. பின்வரிசையில் இடமிருந்து மூன்றாவதாகக் காக்கா நிற்கிறார். மெலிந்த உருவம், மேலே வாரிய தலைமயிர், சட்டைப்பையில் பேனை. பக்கத்திலே மாஸ்டர். இருவரும் எதையோ சொல்லிச் சிரித்து, படம் எடுக்கிறவர் அதட்டிய பின்னும் சிரிப்பு அடங்காத முகத்தோடு நிற்கிறார்கள். மகள் அதைக் கைத்தொலைபேசியிற் பிடித்து உடனே ஊருக்கு அனுப்பிவைத்தார். அடுத்த தெருவிலே நல்ல பிரதியொன்றும் எடுத்துக்கொண்டோம். மூலப்படத்தை நாம் கேட்கவில்லை. அவரும் தருவதாகச் சொல்லவில்லை. அதுதான் முறை.

மாஸ்டரின் பேத்திக்குத் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. 1995இற் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி மறு ஆண்டிலேயே பல்கலைக்கழகமாக உயர்ந்து, ஒலுவிலில் இருக்கும் அந்நிறுவனத்துக்கு இன்று நாட்டின் பல பாகங்களிலிருந்தும் எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளும் வருகிறார்கள். கொழும்பிற் பிறந்த அப்பெண் காரைதீவை ஒருநாளும் பார்த்ததில்லை. ஒலுவிலிலிருந்து நிந்தவூரைத் தாண்டினாற் காரைதீவு; அதைத் தாண்டினால் நம் வீடு. விடுமுறை நாட்களில் அங்கே வந்துவிட வேண்டும் என்று நாம் சொல்ல, "வாப்பா வீட்டுக்குப் போற மாதிரிப் போ" என்று மாஸ்டர் பேத்தியிடம் சொன்னார். பிறகு ஒரு கொப்பித் தாளை வாங்கி, நடுங்கும் கையால் தம் பழைய வளவைக் கீறினார்: ஒழுங்கை, படலை, இரண்டு தென்னை, வீட்டின் பின்னே கிணறு. வீடு இருக்காது என்பது அவருக்குத் தெரியும். கிணறு கிடக்கிறதா, அதிலே தண்ணீர் உப்பாகிவிட்டதா என்று பேத்தியோடு போய்ப் பார்த்துத் தொலைபேசியிற் சொல்லும்படி கேட்டுக்கொண்டார். பல்கலைக்கழகம் அடுத்த மாதம் தொடங்குகிறது.