கை இங்கே, மனசு எங்கேயோ

சென்னை பாடியில் உள்ள சுந்தரம் கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு, 1998-ல் ஜப்பானின் டெமிங் விருதைப் பெற்றது. இந்திய நிறுவனம் ஒன்று அதை வாங்கியது அதுவே முதல்முறை. தரத்துக்குத் தரும் விருதுக்கும் மனித மனசுக்கும் என்ன சம்பந்தம் என்கிறீர்களா? நிறையவே இருக்கிறது.

வேலைக்குப் புதிதாக வந்தவர் ஒவ்வொரு திருகையும் பார்த்துப் பார்த்து முடுக்குவார். பழகியவருக்குக் கை தானாக ஓடும். மனசு வீட்டு வாடகையிலோ பிள்ளையின் பரீட்சையிலோ இருக்கும். மறதி நுழைவது அங்கேதான்; தரம் கெடுவதும் அங்கேதான். பிரிட்டன் உளவியலாளர் ஜேம்ஸ் ரீசன் ஒருநாள் டீ போடும்போது பூனை பசியில் கத்த, அதன் தீனியை டீ பாத்திரத்தில் போட்டுவிட்டார்! மனிதத் தவறுகளை அவர் ஆராயத் தொடங்கியதே அதற்குப் பிறகுதான்.

‘கவனமா இருப்பா’ என்று அதட்டிப் பயனில்லை என்பதை ஜப்பானியப் பொறியாளர் ஷிகியோ ஷிங்கோ 1961-லேயே புரிந்துகொண்டார். ஒரு சின்ன ஸ்விட்சுக்குள் இரண்டு ஸ்பிரிங் வைக்க வேண்டும். தொழிலாளர்கள் அவ்வப்போது ஒன்றை மறந்தார்கள். அவர் சொன்ன வழி: முதலில் இரண்டையும் எடுத்து ஒரு தட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு பொருத்துங்கள். முடித்த பிறகும் தட்டில் ஒன்று கிடந்தால் விட்டது தெரிந்துவிடும். அவ்வளவுதான். யாரையும் திட்டவில்லை, வேலையின் வரிசையைத்தான் மாற்றினார்.

கார்டை உருவிய பிறகே பணம் தரும் ஏ.டி.எம். இயந்திரங்களிலும் இதே யோசனைதான். பணம் கைக்கு வந்துவிட்டால் கார்டு யாருக்கு ஞாபகம் இருக்கிறது?